காடு யார் பேரில் இருக்கிறது?

அடிவாரம்

மார்கழியிலும் சேலத்தில் வெயில் சீக்கிரம் ஏறிவிடுகிறது. ஏற்காட்டுப் பேருந்தில் எனக்குப் பக்கத்து இருக்கையில் ஒரு வயதான அம்மா. காலடியில் இரண்டு வெற்றுக் கூடைகள், மடியில் அரிசிப் பை. முதல் நாள் மலையிலிருந்து சௌசௌவும் வாழைப்பழமும் கொண்டு இறங்கியிருக்கிறார். டவுனில் மகள் வீட்டில் இரவு தங்கி, விடியற்காலையில் சந்தையில் விற்றுவிட்டு, வீட்டுக்கு வேண்டிய சாமானோடு திரும்புகிறார். "மேல எல்லாமே வெல கூட கண்ணு. எறங்குனா வெறுங்கையோட ஏறக் கூடாது" என்றார்.

அடிவாரத்தில் முள்ளும் புதருமாக இருந்த காடு வளைவுக்கு வளைவு மாறியது. மூங்கில் வந்தது. அப்புறம் சில்வர் ஓக் மரங்கள் நெடுநெடுவென்று எழுந்தன. அவற்றைச் சுற்றி மிளகுக்கொடி, அடியில் நிழலுக்குள் காப்பிச் செடி. இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் அந்த அம்மா ஜன்னல் பக்கம் திரும்பாமலே கடந்தார். பாதி மலை ஏறியதும் முந்தானையை இழுத்துத் தோளைப் போர்த்திக்கொண்டார். அடுத்த வளைவில் குளிர் காற்று முகத்தில் அடித்தது.

நான் கும்பகோணத்துக்கு அருகே, காவிரிக்கரைக் கிராமம் ஒன்றில் பிறந்தவள். எங்கள் பக்கத்தில் பூமி கண்ணுக்கு எட்டிய வரை ஒரே மட்டமாகக் கிடக்கும். வயலில் பெண்களின் வேலை என்றால் நாற்றுப் பறிப்பு, நடவு, களையெடுப்பு. நடவு இயந்திரம் வந்த பிறகு அந்தக் குனிந்த வரிசைகள் குறைந்துகொண்டே வருகின்றன. எங்கள் ஊரின் இன்னொரு பெருமை டிகிரி காப்பி. எந்தக் கொட்டை, எவ்வளவு வறுப்பு, சிக்கரி சேர்க்கலாமா கூடாதா என்று திண்ணையில் மணிக்கணக்காகப் பேச்சு நடக்கும். அந்தக் கொட்டையைச் செடியிலிருந்து பறிக்கும் பெண்களைப் பார்க்கவும், அவர்களோடு பேசவும்தான் இந்தப் பயணம்.

1820 முதல் 1829 வரை சேலத்தில் கலெக்டராக இருந்த எம்.டி. காக்பர்ன்தான் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தவர். அவர் தொடங்கிய கிரேஞ்ச் தோட்டம் இன்றும் பேசப்படுகிறது. அவருக்கு வெகு காலம் முன்பிருந்தே இங்கே வாழ்பவர்கள் மலையாளிப் பழங்குடியினர். இவர்களின் பேச்சு தமிழ். காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பி மூவரில் பெரியண்ணன் இந்தச் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் குடியேறினார்கள் என்பது இவர்கள் வழிவழியாகச் சொல்லும் கதை.

ஒண்டிக்கடை

ஏரிக்குப் பக்கத்தில் கூட்டம் கூடும் இடம் ஒண்டிக்கடை. சாலையோரத்தில் தள்ளுவண்டிகளும் தகரக் கூரைகளும். எண்ணெய்ச் சட்டிக்குப் பின்னால் நிற்பவர்கள் அநேகமாகப் பெண்கள். மிளகாய் பஜ்ஜி, வாழைக்காய் பஜ்ஜி, அவித்த சோளம். பக்கத்திலேயே மிளகு, கிராம்பு, காப்பித்தூள் பொட்டலங்கள்.

ஒரு கடையில் முடவாட்டுக்கால் சூப் குடித்தேன். பாறையிலும் மரத்திலும் படர்ந்து வளரும் கிழங்கு அது. மேலே பழுப்பு நிறத்தில் ரோமம் போர்த்தியிருக்கும். கடைக்காரப் பெண் அதன் தோலைச் சீவி, வில்லைகளாக நறுக்கி, மிளகு, சீரகம், சின்ன வெங்காயம், பூண்டு தட்டிப் போட்டுக் கொதிக்கவிட்டிருந்தார். தொண்டையில் காரம் இறங்கும்போது குளிர் விலகியது. மூட்டு வலிக்கு நல்லது என்று சேலத்திலிருந்து வந்தவர்கள் இரண்டாவது டம்ளர் கேட்டார்கள்.

கடைக்காரப் பெண்ணுக்கு நாற்பது வயது இருக்கும். கணவர் எஸ்டேட்டில் கவாத்து வேலைக்குப் போகிறார். "குழுவுல வாங்கின கடன்லதான் அக்கா ஆரம்பிச்சேன். மொதல்ல ஒரு சட்டி, ஒரு அடுப்பு. அத அடைச்சிட்டு அடுத்த கடன்ல இந்தக் கூரை." சுவரில் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவுச் சான்று மாட்டியிருந்தது. லேமினேட் செய்து, எண்ணெய் தெறிக்காத உயரத்தில். அதைக் காட்டிச் சொன்னார்: "இது எம் பேர்ல இருக்கு. கடையும் எம் பேர்லதான்."

மகளிர் சுயஉதவிக் குழு தமிழ்நாட்டில் வேர்விட்டது இந்த மலைக்கு வெகு அருகில். பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு 1989இல் தருமபுரி மாவட்டத்தில் முதல் குழுக்கள் தொடங்கின. 1965 வரை அந்த மாவட்டம் சேலத்தோடு சேர்ந்திருந்தது. 1991-92இல் திட்டம் சேலத்துக்கு வந்தது. 1997-98இல் மகளிர் திட்டமாகி, படிப்படியாக மாநிலம் முழுக்கப் பரவியது. பத்துப் பன்னிரண்டு முதல் இருபது பெண்கள் வரை சேர்ந்து, வாரா வாரம் கொஞ்சம் சேமித்து, அதைத் தங்களுக்குள் கடனாகச் சுழற்றி, தவணை தவறாத பெயரைச் சம்பாதித்த பிறகு வங்கிக்குப் போவது இதன் வழிமுறை. ஒருவர் கட்டத் தவறினால் மற்றவர்கள் வீட்டு வாசலில் வந்து நிற்பார்கள். அந்தக் கண்டிப்புதான் சொத்தில்லாத பெண்ணுக்கு ஜாமீன்.

மே மாதக் கோடை விழாவில் கை ஓயாது, தொடர்மழை நாட்களில் அடுப்பே பற்றவைக்க முடியாது என்றார் கடைக்காரப் பெண். வருமானம் ஏறி இறங்கினாலும் கணக்கு அவர் கையில் இருக்கிறது. மகளைச் சேலத்தில் நர்சிங் படிக்க வைத்திருக்கிறார். "அப்பா வூட்டுக் காடு இருக்கு, மாமனார் வூட்டுக் காடும் இருக்கு. ரெண்டுலயும் நான் வேல செஞ்சிருக்கேன். ரெண்டும் எம் பேர்ல இல்ல" என்று, கேட்காமலே சொன்னார். காடு என்று இங்கே சொல்வது விளைநிலத்தை.

மஞ்சக்குட்டைச் சாலை

ஏற்காடு ஒன்றியத்தின் ஒன்பது ஊராட்சிகளில் மஞ்சக்குட்டையும் ஒன்று. ஏற்காட்டின் கூட்டத்தை விட்டு அந்தப் பக்கம் திரும்பியதும் சாலையின் இருபுறமும் தோட்டங்கள். பனி இலைகளில் சொட்டிக்கொண்டிருந்தது. மரங்களுக்கு நடுவிலிருந்து பேச்சும் சிரிப்பும் கேட்க, வண்டியை விட்டு இறங்கி அனுமதி கேட்டு உள்ளே போனேன்.

அரபிகா காப்பிக்கு நவம்பரிலிருந்து ஜனவரி வரை அறுவடை. செடியில் எல்லாப் பழமும் ஒன்றாகப் பழுக்காது. ஒரே கொத்தில் சிவப்பு, மஞ்சள், பச்சை மூன்றும் இருக்கும். சிவந்ததை மட்டும் எடுக்க வேண்டும். அதனால் ஒரே செடிக்கு மூன்று நான்கு முறை திரும்பி வர வேண்டும். இடுப்பில் பையைக் கட்டிக்கொண்டு, ஒரு கையால் கிளையை வளைத்து, மறு கையின் விரல்களால் பழத்தைத் திருகி எடுக்கிறார்கள். காம்பு முறிந்தால் அடுத்த ஆண்டு அந்தக் கணுவில் பூ குறையும். "பச்ச விழுந்தா எடை போடறப்ப பேச்சு விழும்மா" என்றார் ஒரு பெரியம்மா, என்னைப் பார்க்காமல், கிளையைப் பார்த்தபடி.

மாலையில் பழத்தைச் சாக்கில் கொட்டிப் பொறுக்குகிறார்கள். காய், வற்றல், இலை எல்லாம் விலக்கிய பிறகு எடை. அறுவடைக் காலத்தில் கிலோ கணக்கில் கூலி. அன்றைக்கே பழம் பல்ப்பருக்குப் போய்த் தோல் நீங்க வேண்டும். பிறகு வழுவழுப்புப் போக ஊறல், கழுவல், களத்தில் நாள் கணக்கில் காய்ச்சல். களத்தில் கொட்டையைக் கிளறிக் கிளறி விடுவதும், மழை இருட்டினால் ஓடிவந்து வாரிக் குவிப்பதும் பெண்களே. ஏறக்குறைய ஆறு கிலோ பழத்திலிருந்து ஒரு கிலோ பச்சைக் கொட்டை கிடைக்கிறது. எங்கள் ஊர்க் கடையில் பிளாண்டேஷன், பீபரி என்று பெயர் சொல்லி வாங்கும் ஒவ்வொரு கிலோவுக்குப் பின்னாலும் அந்த ஆறு கிலோவை ஒவ்வொரு பழமாகத் தொட்ட விரல்கள் இருக்கின்றன.

மிளகு பறிக்க ஏணி போட்டு ஏறுவதும், கிளை வெட்டுவதும், கவாத்தும், மருந்தடிப்பும் ஆண்களின் வேலை; கூலி கூடுதல். பழம் எடுப்பு, களை, பொறுக்கல், களத்து வேலை பெண்களுடையவை, கூலி குறைவு. ஒரே வேலைக்கு ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறு கூலி தரக் கூடாது என்று 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டம் சொன்னது. வேலையையே ஆண் வேலை, பெண் வேலை என்று பிரித்துவிட்ட இடத்தில் அப்படிப்பட்ட சட்டம் நுழைவது கடினம். எட்டு மணி நேரம் சரிவில் நின்று, பழுத்ததையும் பழுக்காததையும் கண நேரத்தில் பிரித்தறியும் திறமைக்கு யார் விலை வைப்பது? காப்பியின் சுவை பாதிக்கு மேல் அந்தத் தேர்விலேயே தீர்மானமாகிவிடுகிறது என்பதைத் தோட்டக்காரர்களும் மறுப்பதில்லை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், 50 பெண்கள் வேலை செய்யும் தோட்டத்தில் பிள்ளைக் காப்பகம் வேண்டும் என்றது. ஆனால் அந்தச் சட்டம் குறைந்தது 5 ஹெக்டேரும் 15 தொழிலாளர்களும் உள்ள தோட்டங்களுக்கானதாகவே இருந்தது. இந்தியாவின் காப்பித் தோட்டங்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுக்கு மேல் 10 ஹெக்டேருக்கும் சிறியவை. அவற்றிலும் பெரும்பகுதி மிகச் சிறிய துண்டுகள். நான் நின்ற இடத்தில் சில்வர் ஓக் மரத்தடியில், சேலைத் தூளியில் ஒரு குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துச் செடியில் பழம் எடுத்துக்கொண்டே, காலால் தூளிக் கயிற்றை ஆட்டிக்கொண்டிருந்தாள் அதன் அம்மா.

மஞ்சக்குட்டை

ஊருக்குள் வீடுகள் ஒட்டி ஒட்டி இல்லை. ஒவ்வொரு வீட்டையும் சுற்றிப் பலா, கொய்யா, பட்டர் புரூட், வாழை. பலா மரத்தில்கூட மிளகுக்கொடி. இரண்டு ஏக்கருக்கும் குறைவான காடு வைத்திருக்கும் ஒரு வீட்டில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார வைத்தார்கள். கேழ்வரகுக் களி, அவரைக்கொட்டைக் குழம்பு, தோட்டத்துக் கீரை. களியை விரலால் கிள்ளிக் குழம்பில் தோய்த்து மெல்லாமல் விழுங்கும் வித்தையை மாமியார் கற்றுத் தந்தார். மூன்று வேளையும் நெல்லுச்சோறு சாப்பிடும் ஊரிலிருந்து வந்தவளுக்கு அது புது ருசி. அவருடைய சிறு வயதில் சாமைச் சோறுதான் அன்றாடம். "சாம குத்தறதுக்குள்ள தோள் எறங்கிரும். அரிசி வந்ததும் விட்டுட்டோம்" என்றார்.

பக்கத்துக் கொல்லிமலையிலும் இதே காரணத்தால் சாமையும் தினையும் மறைந்துகொண்டிருந்தன. அங்கே எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் ஊர்ப் பெண்கள் குழுக்களோடு சேர்ந்து, சிறுதானிய உமி நீக்கும் சிறு இயந்திரங்களைக் கிராமத்திலேயே நிறுவியது. உலக்கைப் பாடு தீர்ந்ததும் பெண்கள் திரும்ப விதைத்தார்கள். மாவாக, ரவையாக ஆக்கி விற்கவும் தொடங்கினார்கள். விதையைக் காப்பாற்றியது பெண்ணின் தோள்வலியைக் கணக்கில் எடுத்துக்கொண்ட ஒரு இயந்திரம்.

நான் சாப்பிட்ட வீட்டில் மருமகள்தான் காட்டை நடத்துகிறார். எந்தக் கொடிக்கு எப்போது எரு, எந்தச் செடியில் தண்டுத் துளைப்பான் ஏறியிருக்கிறது, பங்குனியில் பூ மழை தவறினால் என்ன செய்வது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. காப்பித் தண்டில் மேடாகத் தெரிந்த ஒரு வளையத்தைத் தடவிக் காட்டி, "உள்ள புழு ஓடியிருக்கு, இதப் புடுங்கி எரிச்சாத்தான் பக்கத்துச் செடி தப்பிக்கும்" என்றார். ஆனால் மிளகை மரத்தில் இருக்கும்போதே வியாபாரிக்கு விலை பேசியது கணவர். பிள்ளைகளின் பள்ளிச் செலவுக்கு முன்பணம் வாங்கியாயிற்று. விலை ஏறினாலும் பேசியது பேசியதுதான்.

பயிர்க் கடன் வாங்கக் கூடாதா என்று கேட்டேன். அவர் பீரோவிலிருந்து ஒரு நெகிழிப் பையை எடுத்து வந்தார். பட்டா, இறந்துபோன மாமனார் பெயரில். பட்டா இல்லாமல் பயிர்க் கடன் கிடைப்பது கடினம். 2019 முதல் மத்திய அரசு விவசாயக் குடும்பத்துக்கு ஆண்டுக்குத் தரும் 6,000 ரூபாயும் நில ஆவணத்தைப் பார்த்தே வருகிறது. மானியக் கன்று, சொட்டுநீர்க் குழாய், பயிர்க் காப்பீடு, எல்லா வாசலிலும் முதல் கேள்வி அதுதான்.

இங்கே சட்டத்தின் ஒரு இடைவெளி இருக்கிறது. 1929இல் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை கேட்டுத் தீர்மானம் போட்டது. அறுபது ஆண்டு கழித்து, 1989இல் தமிழ்நாடு அதைச் சட்டமாக்கியது. 2005இல் நாடு முழுக்க வந்தது. ஆனால் இந்து வாரிசுரிமைச் சட்டம் 1956இன் இரண்டாம் பிரிவு, மத்திய அரசு தனியே அறிவித்தால் ஒழிய அட்டவணைப் பழங்குடியினருக்குப் பொருந்தாது என்கிறது. எங்கள் ஊரில் என் தலைமுறைப் பெண்களுக்குக் கிடைத்த உரிமை, இந்த மலையில் இருக்கும் மலையாளிப் பழங்குடிப் பெண்ணுக்கு எழுத்தில் உறுதியாகவில்லை. 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், இந்த விலக்கை மறுபரிசீலனை செய்யுமாறு மத்திய அரசைக் கேட்டுக்கொண்டது. 2023இல் சென்னை உயர் நீதிமன்றம், ஒரு பழங்குடிக் குடும்பத்தின் வழக்கில் பெண்களுக்கும் சம பங்கு உண்டு என்று தீர்ப்பளித்து, உரிய அறிவிக்கை வர நடவடிக்கை எடுக்கும்படி மாநில அரசுக்குச் சொன்னது.

அந்த மருமகளுக்கு வழக்கு எண்ணெல்லாம் தெரியாது. கிராம நிர்வாக அலுவலரிடம் பட்டா மாறுதலுக்கு என்ன காகிதம் வேண்டும் என்பது தெரியும். வாரிசுச் சான்றில் மாமியார் பெயரும், கட்டிக்கொடுத்த நாத்தனார் பெயரும் சேர வேண்டும் என்று வீட்டில் வாதாடிக்கொண்டிருக்கிறார். கணவருக்கு மனம் இல்லை; பங்கு குறையும் என்ற பயம். "நாத்தனாருக்கு இல்லன்னு இன்னிக்கு நான் சொன்னா, நாளைக்கு எம் மகளுக்கும் இல்லன்னு எம் மகன் சொல்லுவான். அதுக்கு நான் எந்த வாயில பதில் சொல்றது?" என்றார். மாமியார் தலையசைத்துக்கொண்டே இன்னொரு உருண்டை களியை என் தட்டில் வைத்தார்.

சேர்வராயன் கோயில்

மலையின் உச்சிப் பகுதியில் சேர்வராயன் கோயில். மரங்கள் ஒதுங்கி, பரந்த புல்வெளியாக விரிகிறது மேட்டு நிலம். காற்று பேசவிடாமல் அடிக்கிறது. குனிந்து போக வேண்டிய குகைக்குள் சேர்வராயனும் காவேரியம்மனும். என் ஊரை வளர்த்த ஆற்றின் பெயரோடு ஒரு அம்மன் இந்தக் குகையில் இருப்பதைக் கண்டதும் நெஞ்சு நிறைந்தது. மே மாதத் திருவிழாவுக்குச் சுற்றுப்பட்டு மலைக் கிராமங்கள் எல்லாம் இங்கே கூடும்.

சுற்றிலும் செம்மண். அதன் அடியில் பாக்சைட். அலுமினியத்துக்காக இந்த மலையின் சில முகடுகள் வெட்டப்பட்டிருக்கின்றன. கோயில் வழியில் கொய்யாவும் நெல்லிக்காயும் விற்றுக்கொண்டிருந்த இளம்பெண், கல்லூரியில் பி.காம். முடித்தவள். வேலைக்குச் சேலம் போய்த் திரும்பிவிட்டாள். இப்போது மிளகு நாற்று வளர்த்து விற்கிறாள். பாலித்தீன் பையில் கொடித் துண்டு நட்டு, நிழல்வலை கட்டி, தோட்டக்காரர்களுக்குக் கொடுக்கிறாள். "இதுக்கு ரெண்டு சென்ட் போதும் அக்கா. வீட்டு முன்னால இருக்கற எடம்" என்றாள்.

ஒண்டிக்கடையின் பஜ்ஜிச் சட்டி, இவளுடைய நாற்றுப் பை, பேருந்தில் வந்த அம்மாவின் கூடை. பட்டா கேட்காத தொழில் எதுவோ அதையெல்லாம் பெண்கள் எடுத்துத் தங்களுடையதாக்கியிருக்கிறார்கள். அவர்களுடைய கெட்டிக்காரத்தனம் அது. அதே நேரம், அவர்கள் எந்த எல்லைக்குள் நிறுத்தப்பட்டிருக்கிறார்கள் என்பதற்கும் அதுவே அடையாளம்.

இது ஒரு மலையின் கதை மட்டும் இல்லை. இந்தியக் கிராமங்களில் வேலை செய்யும் பெண்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் விவசாயத்தில் இருக்கிறார்கள். 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி, பெண்கள் நடத்துவதாகப் பதிவான நிலங்கள் நூற்றுக்குப் பதினான்கைத் தொடவில்லை. இந்த இடைவெளியை அடைக்கத்தான் எம்.எஸ். சுவாமிநாதன், 'பெண் விவசாயிகள் உரிமை மசோதா 2011' என்ற தனிநபர் மசோதாவை மாநிலங்களவையில் கொண்டுவந்தார். நிலம் யார் பெயரில் இருந்தாலும், உழைக்கும் பெண்ணுக்கு விவசாயி என்ற சான்றிதழ் தர வேண்டும். அதை வைத்துக் கடனும் மானியமும் பெற வழி வேண்டும் என்றது அது. நிறைவேறாமலே காலாவதியானது. 2026ஐப் பெண் விவசாயிகளுக்கான பன்னாட்டு ஆண்டாக ஐ.நா. அறிவித்திருக்கிறது. அந்த மசோதாவைத் திரும்ப எடுக்க இதைவிடப் பொருத்தமான நேரம் வராது.

குப்பனூர் இறக்கம்

திரும்பும்போது கொட்டச்சேடு வழியாகக் குப்பனூருக்கு இறங்கினேன். வழியில் ஒரு சிறு கட்டடத்திலிருந்து வறுபட்ட காப்பியின் வாசனை. உள்ளே ஒரு குழுவின் பெண்கள். அண்டை வீட்டுக் காடுகளிலிருந்து கொட்டையை வாங்கி, தரம் பிரித்து, வறுத்து, அரைத்து, பொட்டலம் கட்டுகிறார்கள். வியாபாரி தருவதைவிடக் கொஞ்சம் கூட விலை, கையோடு பணம். அதனால் பக்கத்துப் பெண்கள் இவர்களுக்கே கொட்டையைக் கொண்டுவருகிறார்கள்.

பித்தளை டபராவில் காப்பி தந்தார்கள். எங்கள் ஊர்க் காப்பியின் கனத்த பால் இல்லை. மண்ணும் பழமும் கலந்த ஒரு புளிப்பு நாக்கில் தங்கியது. ஆந்திராவின் அரக்குப் பள்ளத்தாக்கில் பழங்குடியினர் விளைவிக்கும் அரபிகாவுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்து, அதன் பெயர் வெளிநாடு வரை போயிருக்கிறது. அதே ஆண்டு குறியீடு பெற்ற ஐந்து காப்பிகளில் சேர்வராயன் மலைக் காப்பி இல்லை. இருநூறு ஆண்டு வரலாறு உள்ள காப்பிக்கு அந்தத் தகுதி உண்டு.

பெரிய வறுக்கும் இயந்திரத்துக்கு ஒரு வங்கியில் கடன் கேட்டபோது, நிலம் என்ன இருக்கிறது என்று கேட்டார்களாம். குழுத் தலைவி சொன்னார்: "பொட்டலம் கட்டற வரைக்கும் எங்கள நம்புறாங்க. அதுக்கு மேல போகணும்னா எங்க பேர்ல ஒரு காகிதம் இருக்கணும்."

வழி ஏற்கெனவே தெரிந்ததுதான். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், மணமானவர்களுக்கு உரிமைப் பட்டயத்தைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் கூட்டாகப் பதிய வேண்டும் என்று விதித்திருக்கிறது. ஒரு சட்டத்தில் முடிந்தது எல்லாப் பட்டாவிலும் முடியும். பட்டா மாறுதல் நடக்கும்போதெல்லாம் மனைவி, மகள், தாய் பெயர்கள் தாமாகவே சேரும்படி வருவாய்த் துறை செய்யலாம். பழங்குடிப் பெண்ணின் வாரிசுரிமைக்கான அறிவிக்கையை மத்திய அரசு வெளியிடலாம். அதற்காக மாநில அரசு விடாமல் கேட்கலாம். இவற்றுக்குப் புதிய பணம் ஒதுக்க வேண்டியதில்லை. மஞ்சக்குட்டையில் ஒரு பெண் தன் நாத்தனாரின் பங்குக்காக, தன் வீட்டுப் பங்கு குறையும் என்று தெரிந்தும் வீட்டில் தனியாக வாதாடிக்கொண்டிருக்கிறார். அந்த வாதத்தை அரசு தன்னுடையதாக எடுத்துக்கொண்டால், அவர் தன் நேரத்தை மிளகுக்கும் காப்பிக்கும் கொடுப்பார். அதில் அவரை மிஞ்ச அந்த மலையில் ஆளில்லை.